ஜப்பானிய மொழி கற்பவர் மங்காவை (ஜப்பானியப் படக்கதைகளை) மூலத்தில் எப்போது, எப்படிப் படிக்கத் தொடங்கலாம்?

ஹிரகானா மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இரண்டு ஆண்டுகளாக ஜப்பானிய மொழி கற்று வருகிறேன். சென்ற டிசம்பரில் ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் என்4 நிலையில் (என்5 தொடக்கம், என்1 உச்சம்) தேறினேன். அந்த மகிழ்ச்சியில், மொழி கற்பவர்கள் பலரும் முதலில் கைகாட்டும் அசுமா கியோஹிகோவின் 'யோத்சுபாதோ' மங்காவின் முதல் தொகுதியை வாங்கினேன். ஐந்து வயதுச் சிறுமியின் அன்றாட வாழ்க்கைதானே, என் பாடநூலைவிட எளிதாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். முதல் நான்கு பக்கங்களைக் கடக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அகராதியில் தேடிய சொற்களில் பாதி கிடைக்கவில்லை. குழந்தை பேசும் பேச்சுக் குமிழிகளில் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்து) குறைவு என்பதால் அவை எளிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் ஹிரகானா என்னும் ஒலியெழுத்தே வரிசையாக நிற்கும்போது ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கட்டங்களுக்குள் பெரிதாக வரையப்பட்டிருக்கும் ஒலிச்சொற்களில் 'ஷி' எது, 'த்சு' எது என்று பிரித்தறியவே தடுமாறினேன். என்3 முடிக்கும்வரை காத்திருப்பதுதான் முறையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வலமிருந்து இடம் எழுதியது:

சகோதரி, உங்களுக்கு நேர்ந்தது திறமைக் குறைவு அன்று. பாடநூல் உங்களுக்குக் கற்றுத் தந்ததும் குமிழிக்குள் எழுதப்பட்டிருப்பதும் ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள். தமிழை நூல்களில் மட்டுமே கற்ற வெளிநாட்டவர் ஒருவர் மதுரைப் பேருந்து நிலையத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வண்டி போயிடுச்சே' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு அவர் அகராதியைப் புரட்டினால் 'போயிடுச்சே' அதில் இருக்காது. 'போய்விட்டதே' என்று யாராவது விரித்துச் சொன்னால், அதில் உள்ள ஒவ்வொரு பகுதியும் அவர் ஏற்கெனவே படித்ததுதான் என்று விளங்கும். மங்காவின் முதல் பக்கத்தில் நீங்களும் அந்தப் பேருந்து நிலையத்தில்தான் நிற்கிறீர்கள்.

தமிழர்களாகிய நமக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்பதே என் வருத்தம். 'தபெதெ ஷிமத்த' என்பது பாடநூல் வடிவம். பேச்சில் அது 'தபெச்சத்த' என்று சுருங்குகிறது. 'சாப்பிட்டுவிட்டேன்' என்பது நம் வாயில் 'சாப்ட்டுட்டேன்' ஆவதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டு மொழிகளிலும் சுருங்கியது அதே துணைவினைதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இலக்கண விளக்கங்கள் இந்த 'ஷிமவு' என்ற துணைவினைக்கு, செயல் முற்றாக முடிந்ததைக் குறிக்கும், சில வேளைகளில் நேரக்கூடாதது நேர்ந்துவிட்ட வருத்தத்தையும் குறிக்கும் என்று ஒரு பத்தி எழுதிவிட்டு, எப்போது எது என்பதைப் பழக்கத்தில் அறிக என்று முடித்துவிடுகின்றன. 'வேலையை முடித்துவிட்டேன்', 'கண்ணாடி உடைந்துவிட்டது' என்ற இரண்டு வாக்கியங்களிலும் வரும் 'விடு' என்ன செய்கிறது என்று ஒரு தமிழ்க் குழந்தைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மற்றவையும் இப்படியே. 'தபெதெ மிரு' என்பது 'சாப்பிட்டுப் பார்'. 'மிரு' என்றால் பார்த்தல்தான். 'கத்தெ ஒகு' என்பது 'வாங்கி வை'. 'ஒகு' என்றால் வைத்தல்தான். அது பேச்சில் 'கத்தொகு' ஆகிவிடுகிறது. 'யொந்தெ இரு' என்பது 'படித்துக்கொண்டிரு'. பேச்சில் நடுவிலிருக்கும் 'இ' விழுந்து 'யொந்தெரு' ஆகிறது. நம்முடைய 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பது 'படிச்சிட்டிருக்கேன்' என்று நைந்து போவதைவிட இது மிகக் குறைவான சேதாரம். வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியர் சொல்லும் 'இத்தெகிமசு' சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்' என்பதுதான்.

எனவே என்3 வரை காத்திருக்க வேண்டாம். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். குமிழியில் உள்ளதை அப்படியே எழுதி, அதன் கீழே சுருக்கத்தை விரித்துப் பாடநூல் வடிவில் எழுதி, அதற்கும் கீழே தமிழில் எழுதுங்கள். அந்தத் தமிழ், பேச்சுத் தமிழாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். முதல் 50 பக்கங்களுக்கு இதைச் செய்தால், திரும்பத் திரும்ப வரும் சுருக்கங்கள் இருபதுக்குள்தான் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பலநூல் வாசகன் எழுதியது:

மேலே உள்ள நண்பரின் ஒப்பீட்டை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் குறிப்பேட்டு முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜப்பானியக் கல்வி உலகில் 'ததொகு' என்றொரு வாசிப்பு முறை இருக்கிறது. நிறையப் படித்தல் என்பது அதன் பொருள். எளியதிலிருந்து தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாத இடத்தைத் தாண்டிச் செல், நகரவே முடியாவிட்டால் அந்த நூலை மூடிவிட்டு வேறொன்றை எடு என்பவை அதன் நெறிகள். மங்காவுக்கு இது மிகப் பொருந்தும், ஏனெனில் பொருளில் பாதியைப் படமே சொல்லிவிடுகிறது.

நான் ஒரு குமிழியையும் பிரித்து எழுதியதில்லை. 'தொரயெமொன்' (நாம் டோரேமான் என்று அறிந்த மங்கா) தொகுதிகளில் பத்துப் பக்க அளவிலான தனித்தனிக் கதைகள் இருக்கின்றன. ஒன்று புரியாவிட்டாலும் அடுத்ததைத் தொடங்கலாம். ஒரே கதையை ஒரு வாரத்தில் நான்கு முறை படிப்பேன். முதல் முறை படத்தை மட்டும் பின்தொடர்ந்தேன். நான்காம் முறை படிக்கும்போது, அகராதி இல்லாமலே பத்துப் பதினைந்து சொற்கள் பிடிபட்டிருந்தன. ஒவ்வொரு குமிழியிலும் நின்று அறுவை செய்பவருக்குக் கதையின் ஓட்டம் கைவிட்டுப் போகிறது. ஓட்டம் போனபின் படிக்கும் ஆசையும் போய்விடுகிறது.

வலமிருந்து இடம் எழுதியது:

நண்பரே, தாங்கள் தொடங்கும்போது பேச்சு வழக்கை எங்கேனும் கேட்டுப் பழகியிருந்தீர்களா? அனிமே (ஜப்பானிய அசைபடம்) பார்த்துக் காது பழகியவருக்கு 'தபெச்சத்த' தாண்டிச் செல்லத்தக்க தடை. வகுப்பறையில் 'மசு' என்று முடியும் மரியாதை வடிவத்தை மட்டுமே கேட்டவருக்கு ஒரு பக்கத்தில் பத்துக் குமிழி இருந்தால் பத்தும் தடை. எல்லாவற்றையும் தாண்டினால் அவர் எதைத்தான் படிப்பார்? முதல் 50 பக்கங்களுக்கு என்றுதான் சொன்னேன். அதன்பின் தங்கள் வழியே சிறந்தது.

பலநூல் வாசகன் எழுதியது:

உண்மை. எனக்கு அனிமே கேட்டுக் கேட்டுக் காது பழகியிருந்தது. அந்த வேறுபாட்டை நான் கருதவில்லை. 50 பக்கம் என்ற எல்லையோடு ஒத்துக்கொள்கிறேன்.

மாலைநேர ஆசிரியர் எழுதியது:

பதினோரு ஆண்டுகளாக மாலை வகுப்புகளில் இம்மொழியைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். மங்கா படிக்க வேண்டாம் என்று என் மாணவர்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கண்ணால் படித்ததை எல்லாம் வாயால் பேச வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன்.

என்3 முடித்த என் மாணவர் ஒருவர், மிகக் கெட்டிக்காரர், ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில், ஜப்பானிலிருந்து வந்திருந்த மூத்த பொறியாளருடன் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது. தன்னைக் குறிக்க 'ஒரெ' என்றும், அவரைக் குறிக்க 'ஒமய்' என்றும் சொல்லி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவர் படித்த சண்டைக் கதைகளில் நாயகர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். வயதில் தந்தையை ஒத்த ஒருவரைப் பார்த்து 'நீ என்னப்பா நினைக்கிற' என்று கேட்டதற்கு அது சமம். அந்தப் பொறியாளர் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டார். ஆனால் அன்று மாலை என்னிடம் வந்து அந்த இளைஞர் தலைகுனிந்து நின்ற காட்சியை என்னால் மறக்க முடியவில்லை, ஏனெனில் குற்றம் அவருடையதன்று. எந்தச் சொல் யாருக்கு உரியது என்பதை நான் வகுப்பில் விளக்கியிருக்க வேண்டும்.

இதற்கு ஜப்பானிய மொழியியலில் ஒரு பெயர் உண்டு. 'யகுவரிகொ', அதாவது பாத்திர மொழி. இச்சொல்லை உருவாக்கியவர் பேராசிரியர் கின்சுய் சதொஷி. 2003இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். மங்காவில் வரும் வெண்தாடி விஞ்ஞானி தன்னை 'வஷி' என்று குறிப்பிட்டுக்கொண்டு வாக்கியத்தை 'ஜ' என்று முடிப்பார். தோக்கியோவில் உள்ள எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் எந்தப் பேராசிரியரும் அப்படிப் பேசுவதில்லை. முற்காலத்தில் எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்தின் வயது முதிர்ந்த கற்றவர்கள் மேற்கு ஜப்பானின் வழக்கில் பேசியது, மேடையிலும் கதையிலும் முதியவருக்கான அடையாளமாக உறைந்து, இன்றுவரை வந்துவிட்டது. நம் சரித்திரக் கதைகளில் அரசர் 'யாரங்கே' என்று கைதட்டுவதைப் படித்த ஒருவர், சென்னை அலுவலகத்தில் உதவியாளரை அப்படி அழைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே வேளையில், இந்தப் பாத்திர மொழியை இனங்காணக் கற்றுக்கொண்டவருக்கு மங்காவைப் போன்ற பயிற்சிக் களம் வேறில்லை. 'தொரயெமொன்' கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நொபிதா தன்னை 'பொகு' என்கிறான். முரடன் ஜியான் 'ஒரெ' என்கிறான். ஷிசுகா 'வதஷி' என்கிறாள். மூன்றுக்கும் தமிழில் 'நான்' ஒன்றுதான். யார் பேசுவது என்று வால் வரையப்படாத குமிழியிலும் இந்த ஒரு சொல்லை வைத்தே பேசுபவரைக் கண்டுகொள்ளலாம். நமக்கு 'நான்' மாறாது; 'நீ', 'நீங்கள்' மட்டுமே மாறும். ஜப்பானியருக்கு இரு பக்கமும் மாறும்.

சாய்தமாவிலிருந்து எழுதியது:

இங்கே, ஜப்பானின் சாய்தமாவில், ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மொழிக்குப் புறம்பான சில அச்சு நுணுக்கங்கள் உண்டு. அவற்றை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

கான்ஜிக்குப் பக்கத்தில் அதன் உச்சரிப்பைச் சிறு எழுத்தில் அச்சிடுவதை 'ஃபுரிகனா' என்பார்கள். சிறுவர்களுக்கான வார இதழ்களிலும் அவற்றிலிருந்து வெளிவரும் தொகுதிகளிலும் ஏறக்குறைய எல்லாக் கான்ஜிக்கும் இது இருக்கும். வயது வந்தோருக்கான 'செய்னென்' வகை இதழ்களில் பெரும்பாலும் இருக்காது. நடைமுறையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஃபுரிகனா இருந்தால் தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டி அகராதியில் இட்டுவிடலாம். இல்லையென்றால், அந்த எழுத்தை விரலால் திரையில் வரைந்துதான் தேட வேண்டும். நான் முதலில் வாங்கியது ஃபுரிகனா இல்லாத ஒரு மருத்துவமனைக் கதை. ஒரு மாதத்தில் 11 பக்கம் படித்துவிட்டுப் பரணில் வைத்தேன். வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தையாவது திறந்து பாருங்கள். மின்னூல் கடைகளிலும் முதல் சில பக்கங்களை இலவசமாகப் புரட்ட விடுகிறார்கள்.

ஃபுரிகனாவை எழுத்தாளர்கள் உச்சரிப்புக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை என்பதையும் அறிந்து வைத்திருங்கள். 1983இல் தொடங்கிய 'ஹொகுதொ நொ கென்' கதையில் 'வலிய எதிரி' என்ற பொருள்தரும் கான்ஜிகளுக்குப் பக்கத்தில் 'தொமொ' என்று அச்சாகியிருக்கும். 'தொமொ' என்றால் நண்பன். கண்ணுக்கு எதிரி, காதுக்கு நண்பன். அகராதியில் இந்த உச்சரிப்பு இல்லையே என்று நான் அச்சுப்பிழையாக எண்ணி நெடுநேரம் தேடினேன்.

இன்னொன்று. பெரும்பாலான பதிப்பகங்கள் குமிழிக்குள் முற்றுப்புள்ளி இடுவதில்லை. ஷொகாகுகன் பதிப்பகத்தின் மங்காக்களில் பொதுவாக முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் முறையாக இருக்கும். 'தொரயெமொன்' அவர்கள் வெளியீடுதான். வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் திணறுபவருக்கு அந்தச் சிறிய வட்டம் எத்தனை பெரிய துணை என்பது தொடக்க நிலையில் இருப்பவருக்குத்தான் தெரியும். இங்கே உள்ள பழைய புத்தகக் கடைகளில் 110 யென் அடுக்கு என்று ஒன்று இருக்கும்; 100 யென் விலை, பத்து விழுக்காடு வரி. ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த அடுக்கிலிருந்து பத்துத் தொகுதிகளைக் கொண்டுவருகிறேன். ஜப்பானில் நண்பர் இருப்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

ஹிரகானா மாணவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குறிப்பேடு தொடங்கிவிட்டேன். ஒரு குமிழி மட்டும் மூன்று நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. இடைவெளி இல்லாமல் இப்படி இருக்கிறது: 'மோதபெச்சத்தன்ஜனய்நொ'. 'ஜனய்' என்பது எதிர்மறை என்று அறிவேன். ஆகவே 'சாப்பிடவில்லை' என்று பொருள் எழுதினேன். ஆனால் படத்தில் காலித் தட்டும், வாயெல்லாம் பாகு வடிய நிற்கும் சிறுவனும் இருக்கிறார்கள்.

வலமிருந்து இடம் எழுதியது:

படத்தை நம்பியதற்கு என் பாராட்டு. பின்னாலிருந்து பிரிப்போம். கடைசி 'நொ' கேள்வி. அதற்கு முன் உள்ள 'ஜனய்', 'தெவனய்' என்பதன் சுருக்கம். 'அல்ல' என்று பொருள். அதற்கும் முன் உள்ள 'ன்' என்பது 'நொ' தேய்ந்தது. முன் உள்ள வாக்கியம் முழுவதையும் பெயராக்கித் தருகிறது, நம் 'சாப்பிட்டது' என்பதில் உள்ள 'அது' போல. ஆக 'அல்ல' என்பது சாப்பிடுவதை மறுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டது என்ற முழுச் செய்திக்கும் பின்னால் நின்று கேள்வியாகிறது. 'சாப்பிட்டுவிட்டது அல்லவா?' என்பதே பொருள். 'மோ' என்றால் ஏற்கெனவே. அம்மா சிறுவனைப் பார்த்துக் கேட்கிறார்: 'நீ முன்னாடியே சாப்ட்டுட்டேல்ல?'

நம் 'அல்லவா' பேச்சில் 'ல்ல' என்று தேய்ந்து வினையோடு ஒட்டிக்கொண்டதைக் கவனியுங்கள். எழுத்தில் எதிர்மறை, பொருளில் உடன்பாடு. 'சாப்ட்டுட்டேல்ல' என்பதைக் கேட்டு எந்தத் தமிழரும் சாப்பிடவில்லை என்று பொருள்கொள்ள மாட்டார்.

புதிய உறுப்பினர் எழுதியது:

இத்தனை ஒற்றுமை இருக்கிறதே, ஒனொ சுசுமு என்ற அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று நிறுவியிருக்கிறார் அல்லவா?

மாலைநேர ஆசிரியர் எழுதியது:

அவர் அப்படி வாதிட்டார் என்பதும், பல ஆண்டு உழைப்பை அதற்குக் கொடுத்தார் என்பதும் உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை இறுதியில் வருவதும் எச்சங்கள் அடுக்கி வருவதும் கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. படிப்பவருக்கு இந்த ஒற்றுமை பயன்படுவதற்கு உறவு தேவையில்லை. இழையின் பொருளிலேயே தொடர்வோம்.

சலசல எழுதியது:

ஒலிச்சொற்களைப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கட்டத்தின் குறுக்கே பெரிதாக வரையப்படும் அந்தச் சொற்களை அலங்காரம் என்று எண்ணித் தாண்டிவிடுபவர்கள் பலர். மங்காவின் உயிர் அங்கேதான் இருக்கிறது, அதை உணரத் தமிழரைவிடத் தகுதியானவர் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்ற நூற்பாவைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஜப்பானியத்தில் 'தொகிதொகி' என்றால் நெஞ்சு திக்திக் என்று அடித்துக்கொள்வது. ஒரே ஒரு முறை அதிர்ந்தால் 'தொகித்தொ'. நாமும் அங்கே 'திக்கென்று' என்போம். 'கிரகிர' தொடர்ந்து மின்னுவது, பளபள. 'கிரரி' ஒரு கணம் மின்னி மறைவது, பளிச். இரண்டு மொழியும் தொடர்வதை இரட்டித்தும், ஒரு கணத்தில் நிகழ்வதை ஒற்றையாக வெட்டியும் காட்டுகின்றன. இதைவிட வியப்பு, இச்சொற்களை வாக்கியத்தில் சேர்க்க அவர்கள் இடும் 'தொ' என்ற இடைச்சொல். பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போதும் அதே 'தொ'தான் வரும். நாமும் 'வருகிறேன் என்று சொன்னான்', 'சலசல என்று ஓடியது' என்ற இரண்டிற்கும் 'என்று' ஒன்றையே இடுகிறோம்.

மழையைப் பாருங்கள். முதல் துளிகள் 'பொத்சுபொத்சு' என்று விழும். நாம் பொட்டுப் பொட்டாக என்போம். அமைதியாக நனைக்கும் தூறல் 'ஷிதொஷிதொ'. கொட்டித் தீர்ப்பது 'ஸாஸா'. நமக்கு அது 'சோ'வென்று பெய்வது. இவற்றை மனப்பாட அட்டையில் எழுதிப் பொருள் எழுதாதீர்கள். அந்தக் கட்டத்தை மனத்தில் நிறுத்தி, அங்கே நம் எழுத்தாளர் ஒருவர் எந்த இரட்டைக்கிளவியை இட்டிருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பதும் அப்போதுதான் தெளிவாகும். 'கொரொகொரொ' என்பது இடி உருள்வது, பாறை உருள்வது, பூனை தொண்டைக்குள் உறுமுவது, விடுமுறையில் ஒருவர் பாயில் புரண்டுகொண்டே பொழுதைக் கழிப்பது எல்லாமாகவும் வரும்.

'ஷி', 'த்சு' குழப்பத்திற்கும் ஒரு வழி உண்டு. கதகானா என்னும் மற்றோர் ஒலியெழுத்து வகையில் 'ஷி'யின் இரு சிறு கோடுகளும் இடப்பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும். 'த்சு'வின் சிறு கோடுகள் மேல் விளிம்பில் பக்கம் பக்கமாக நிற்கும். நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். 'ன்', 'சொ' இரண்டிற்கும் இதே விதிதான், சிறு கோடு ஒன்றே ஒன்று என்பது மட்டும் வேறுபாடு. படித்துக் கற்பதைவிட ஒவ்வொன்றையும் தூரிகைப் பேனாவால் ஐம்பது முறை எழுதிப் பாருங்கள்; கை கற்றதைக் கண் பிறகு மறக்காது.

ஹிரகானா மாணவி எழுதியது:

இரண்டு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். குறிப்பேட்டை 62ஆம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பின் எழுதிய சுருக்கங்கள் எல்லாம் முன்பே எழுதியவையாக இருந்தன. முதல் தொகுதியை முடித்து, மறுபடியும் முதலிலிருந்து அகராதி இல்லாமல் படித்தேன். ஒன்றரை மணி நேரம் பிடித்த அந்த நான்கு பக்கங்கள் ஆறு நிமிடத்தில் முடிந்தன. சில கான்ஜிகள் இன்னும் ஃபுரிகனா இல்லாமல் எனக்குத் தெரியாது. ஆயினும் குழந்தை பேசும் ஹிரகானா வரிசையில் சொல் முறியும் இடம் இப்போது தானாகத் தெரிகிறது.

ஓர் ஐயம். அமைதியான கட்டங்களில் 'ஷீன்' என்று வருவதை ஒலியின்மைக்கான ஒலி என்று கண்டுகொண்டேன். 'கப்சிப்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு கண்களை மட்டும் பெரிதாகக் காட்டும் கட்டங்களில் 'ஜீ' என்று நீளமாக வருகிறதே, அது என்ன ஒலி? யாரும் எதையும் தட்டவுமில்லை, பேசவுமில்லை.

சலசல எழுதியது:

அது கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதைக் குறிப்பது. 'குறுகுறு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.